பெரிய எழுத்தும் பெருமானும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

தமிழ் நெடுங்கணக்கில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247 எழுத்துகள். இவற்றுள் குறில், நெடில் என்ற பாகுபாடு உண்டு. அது ஒலியின் அளவைப் பற்றியது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பாகுபாடு உண்டு. அது ஒலியின் தன்மையைப் பற்றியது. ஆனால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழில் இல்லை. அரசன் பெயருக்கும் ஆட்டிடையன் பெயருக்கும் அளவில் ஒரே எழுத்துத்தான். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகளுக்கும் இரண்டிரண்டு வடிவம். எவ்விடத்தில் எந்த வடிவம் வர வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குரிய பாடமாகத் தோன்றலாம். தம் கவிதையையோ முன்னோர் கவிதையையோ ஆங்கிலத்தில் ஆக்க முற்படும் தமிழ்க் கவிஞருக்கு அது பொருளைப் பற்றிய முடிவாகிவிடுகிறது. திருவாதவூரில் நின்று நோக்கும்போது அவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. இவ்வூரிற் பிறந்த மாணிக்கவாசகர் இறைவனை ‘நீ’ என்று அழைக்கிறாரே, அந்த ‘நீ’ ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமா, சிறிய எழுத்திலா?

விடை காணுமுன் பெரிய எழுத்தின் வரலாற்றைச் சற்றே அறிதல் நலம். ரோமானியர் தம் நினைவுக் கற்களில் வெட்டியவை இன்று பெரிய எழுத்து எனப்படும் வடிவங்களே. ஏட்டில் விரைந்து எழுதும் கையிலிருந்து சிறிய வடிவங்கள் மெல்ல உருவாயின. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சார்லமேன் பேரரசின் மடங்களில் அவை சீர்மை பெற்றன. அச்சு வந்தபின், அச்சுக் கோப்பவர் இரு வகை எழுத்துகளையும் மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி என இரண்டு பெட்டிகளில் இட்டு வைத்தார்; இன்றும் ஆங்கிலத்தில் அவ்வெழுத்துகளுக்கு அப்பெட்டிகளின் பெயரே வழங்குகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில நூல்களில் பொதுப்பெயர்கள் பலவும் பெரிய எழுத்தில் தொடங்கின. பின்னர் ஆங்கிலம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஜெர்மன் மொழி இன்றும் எல்லாப் பெயர்ச்சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. எனவே இவ்விதிகள் காலந்தோறும் மாறிவந்த வழக்குகள் என்பது தெளிவு. ‘வழக்கும் செய்யுளும்’ என்று இலக்கணத்தை இரு காலில் நிறுத்திய மரபினருக்கு இது புதுச் செய்தி அன்று.

பெரிய எழுத்து இல்லாமல் தமிழ் எவ்வாறு பெயரைக் காட்டியது? சான்று இவ்வூரிலேயே இருக்கிறது. திருவாதவூரை அடுத்த ஓவாமலையின் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டளவின என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. அவற்றில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. நிறுத்தக் குறி இல்லை. ஆயினும் அவற்றுள் ஒன்றில் ‘அரிதன்’ என்பது ஓர் ஆளின் பெயர் என்று அறிஞர் படித்தனர். ‘அன்’ என்னும் ஈறும், கொத்துவித்தவன் என்னும் பொருளில் அடுத்து வரும் ‘கொட்டுபிதோன்’ என்னும் சொல்லும் அதற்குத் துணை நின்றன. எழுத்தின் உயரம் செய்யும் வேலையைத் தமிழில் ஈறும் முடிபும் செய்தன.

இடமும் அவ்வேலையைச் செய்யும். கடையெழு வள்ளல்களுள் ஒருவன் காரி. அவன் ஏறிய குதிரையின் பெயரும் காரி. ஓரியும் அப்படியே, அவன் குதிரையும் ஓரி. சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி இது. தமிழ் படிப்பவர் எது குதிரை, எது வள்ளல் என மயங்குவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் இயற்பெயர் ஆதலின் இரண்டுக்கும் பெரிய எழுத்தே வரும். ‘காரி’ என்பது கருமை என்ற பொருளில் வந்தால் மட்டும் சிறிய எழுத்து. பெரிய எழுத்து உயர்திணைக்கு உரியது, அஃறிணைக்கு உரியதன்று என்று எண்ணுவது பிழை என்பதற்கு இக்குதிரைகளே சான்று.

இனி, ஆங்கிலத்தில் மாற்ற இயலாத விதிகளைத் தமிழ்ச் சொற்களோடு பொருத்திக் காணலாம். வாக்கியத்தின் முதற்சொல்லும் ஆள், ஊர், நாடு, நூல் ஆகியவற்றின் இயற்பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பது யாவரும் அறிந்தது. இடர் தருவன ஒரே சொல் பல பொருள் தரும் இடங்கள். ‘ஞாயிறு’ கிழமையானால் பெரிய எழுத்து. வானத்துக் கதிரவனானால் கவிதையில் சிறிய எழுத்து. ‘திங்கள்’ கிழமையானால் பெரிய எழுத்து. நிலவானாலும், முப்பது நாள் கொண்ட மாதமானாலும் சிறிய எழுத்து. ‘வெள்ளி’ கிழமைக்கும் கோளுக்கும் பெரிய எழுத்து. உலோகத்திற்குச் சிறிய எழுத்து. ஆடி, மார்கழி என மாதத்தின் பெயர் சொன்னால் பெரிய எழுத்து. கார், கூதிர், இளவேனில் எனப் பருவம் சொன்னால் சிறிய எழுத்து. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தருபவர் ஒவ்வொரு முறையும் இதனைக் கருத வேண்டியவராகிறார்.

மொழி, இனம், சமயம் ஆகியவற்றின் பெயரும் அவற்றிலிருந்து பிறக்கும் அடைமொழியும் பெரிய எழுத்தின. ‘தமிழ்க் கவிதை’ என்பதில் தமிழுக்குப் பெரிய எழுத்து, கவிதைக்குச் சிறிய எழுத்து. ‘வையை ஆறு’ என்று முழுப்பெயராகச் சொன்னால் ஆறு என்ற சொல்லுக்கும் பெரிய எழுத்து. ‘அந்த ஆறு’ என்றால் சிறிய எழுத்து. கோயிலுக்கும் மலைக்கும் இதே முறை. திசைப்பெயர் வெறும் திசையைச் சுட்டும்போது சிறியது. தென்னிந்தியா என்பது போல் நிலப்பகுதியின் பெயராகும்போது பெரியது. நூல் தலைப்பில் முதற்சொல்லும் முக்கியச் சொற்களும் பெரிய எழுத்தில் வரும். இடையில் வரும் சிறு இடைச்சொற்கள் சிறியன. இவ்வூரிற் பிறந்தவர் என மரபு கூறும் கபிலர், தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். நூலின் பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு. அத்தனை பூக்களின் பெயருக்கும் சிறிய எழுத்தே. பூவின் பெயர் பொதுப்பெயர். குறிஞ்சி என்பது திணையைக் குறிக்கும்போதும் அதனைக் கலைச்சொல்லாகக் கொண்டு சிறிய எழுத்தில், சாய்வாக அச்சிடுவதே ஆய்வாளரிடையே பெருவழக்கு.

பட்டப்பெயர்களில் ஆங்கில வழக்கும் தொல்காப்பியமும் அருகருகே வந்து நிற்கின்றன. சிறப்புப்பெயரும் இயற்பெயரும் ஓரிடத்தில் வருமாயின் இயற்பெயர் முன்னே வராது, சிறப்புப்பெயரே முன்வரும் என்பது தொல்காப்பியர் கூறும் முறை. ஆங்கிலத்தில், பெயருக்கு முன்னே ஒட்டி நிற்கும் பட்டம் பெரிய எழுத்துப் பெறும். தனித்து நின்று பதவியை மட்டும் குறித்தால் சிறிய எழுத்து. வாதவூரர் பாண்டியனின் அமைச்சர் என்னும்போது அமைச்சர் என்ற சொல் சிறியது. ‘தென்னவன் பிரமராயன்’ என்று பாண்டியன் அளித்த பட்டம் அவர் பெயராகவே வழங்கியமையால் அதன் இரு சொற்களும் பெரிய எழுத்தின. ‘மாணிக்கவாசகர்’ என்பதும் முதலில் காரணப்பெயரே. மாணிக்கம் போன்ற வாசகத்தை உடையவர் என விரித்துச் சொன்னால் எல்லாம் சிறிய எழுத்து. பெயராகச் சொன்னால் பெரியது. உறவுப்பெயருக்கும் இதுவே முறை. ‘என் அம்மா’ என்றால் அம்மா சிறியது. பெயருக்கு ஈடாக ‘அம்மா’ என விளித்தால் பெரியது.

இவற்றோடு ஒலிபெயர்ப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. கணினியில் தமிழை ரோமன் எழுத்தால் தட்டச்சு செய்வோர் ள, ண, ற ஆகியவற்றை ல, ந, ர ஆகியவற்றினின்று பிரித்துக் காட்டப் பெரிய எழுத்தைப் பயன்படுத்தும் முறைகள் பல தோன்றின. அவற்றில் சொல்லின் நடுவிலும் ஈற்றிலும் பெரிய எழுத்து வரும். ஒலியைக் காட்டும் பணியில் அமர்த்திய எழுத்து, பெயரைக் காட்டும் பணிக்கு உதவாது. அம்முறை விசைப்பலகைக்கு உரியது. அச்சிடும் கவிதை நூலுக்கு உரியதன்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, எழுத்தின் கீழ்ப் புள்ளியும் கோடும் இட்டு இவ்வேறுபாட்டைக் காட்டியது. ஆய்வுக்கு அது தகும்.

விதியை விட்டுக் கவிஞரின் உரிமை தொடங்கும் இடங்கள் மூன்று. முதலாவது, அடியின் தொடக்கம். பழைய ஆங்கிலச் செய்யுளில் வாக்கியம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஒவ்வோர் அடியும் பெரிய எழுத்தில் தொடங்கும். 1967இல் வெளிவந்த ஏ. கே. ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலான ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’பில் வாக்கியம் தொடங்கும் இடத்தில் மட்டும் பெரிய எழுத்து; ஏனைய அடிகள் சிறிய எழுத்தில் தொடங்குகின்றன. தமிழ்ச் செய்யுளுக்கு இது மிகவும் பொருந்துவது. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கி, பல அடிகளைக் கடந்து, இறுதியில் ஒரே முற்றில் வந்து தங்குவது சங்கப் பாடலின் நடை. அடிதோறும் பெரிய எழுத்து வந்தால், ஒரே மூச்சில் செல்லும் அவ்வோட்டம் துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, உருவகம். இறப்பு, காலம், நிலம் முதலியவற்றை ஆளாக்கும்போது ஆங்கிலக் கவிஞர் அச்சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுவர். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் தம் கையெழுத்துப் படிகளில் பெயர்ச்சொற்கள் பலவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கினார். 1890இல் அவர் கவிதைகளை முதன்முதல் வெளியிட்டோர் அவற்றை வழக்கத்திற்கேற்பத் திருத்திவிட்டனர். தாமஸ் ஜான்சன் 1955இல் வெளியிட்ட பதிப்பில்தான் அவை மீண்டும் இடம்பெற்றன. ஓர் எழுத்தின் உருவத்தைப் பதிப்பாசிரியர் மாற்றினால் கவிதை மாறுகிறது என்பதை உலகம் ஏற்க 65 ஆண்டுகள் ஆயின. தமிழ் இவ்வேலையை விகுதியால் செய்கிறது. கூற்று கூற்றுவன் ஆகிறது; காலம் காலன் ஆகிறது; நிலம் நிலமகள் ஆகிறது. விகுதி பெறாத இடமும் உண்டு. காலம், உலகம், தெய்வம், ஞாயிறு, திங்கள் முதலிய சில சொற்களைத் தொல்காப்பியர் தனியே தொகுத்து, அவை உயர்திணைப் பொருளவாயினும் பால் காட்டும் ஈறு பெறாமல் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்ற ஐயம் பெரிதும் எழுவது இத்தகைய சொற்களிலேதான் என்பது நோக்கத்தக்கது. விகுதி உள்ள இடத்தில் பெரிய எழுத்து. இல்லாத இடத்தில் சிறிய எழுத்து என்பது தமிழ் மூலத்தை ஒட்டிய நேர்மையான வழி.

மூன்றாவது, மதிப்பு. தொடக்கத்தில் எழுந்த வினா இங்கே வந்து சேர்கிறது.

தமிழில் மதிப்புக்குத் தனிக் கருவிகள் உண்டு. ‘திரு’ என்னும் அடைமொழி ஊருக்கும் நூலுக்கும் இறைவனுக்கும் முன்னே வரும்: திருவாதவூர், திருவாசகம், திருமறைநாதர். அர், ஆர், கள் என்னும் ஈறுகள் ஆளுக்குப் பின்னே வரும். நீ, நீர், நீங்கள் எனப் படிநிலை உண்டு. இத்தனை கருவிகளும் கையில் இருக்க, அடியார்கள் இறைவனுக்கு அவற்றை விலக்கினர். ஊர்ப் பெரியவரை ‘அவர்’ என்று சொல்லும் அதே நாக்கு, சொக்கனை ‘அவன்’ என்கிறது. இது மதிப்புக் குறைவு அன்று. மதிப்பைக் கடந்த நெருக்கம். திருவாசகத்தின் 51 பகுதிகளிலும் ‘நீ’யும் ‘அவனு’மே ஆட்சி செய்கின்றன. மதிப்பின் படிகளில் ஏறி நிற்காத ஓர் உறவை அச்சிறு சொற்கள் தாங்கி நிற்கின்றன.

திருவாசகத்தை முழுமையாக ஆங்கிலத்தில் ஆக்கிய ஜி. யு. போப், 1900இல் அதனை ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தின்வழி வெளியிட்டார். தம் எண்பதாம் பிறந்த நாளையே முன்னுரைக்கு நாளாக இட்டார். அந்நூலில் இறைவனைச் சுட்டும் ‘நீ’யும் ‘அவனு’ம் ‘நின்’னும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. ‘நீ’ என்பதற்கு அவர் ஆண்ட ‘தௌ’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ஒருமைக்கும் நெருக்கத்திற்கும் உரியதாய் இருந்தது. பேச்சில் வழக்கிழந்து வழிபாட்டிலும் செய்யுளிலும் மட்டும் எஞ்சியமையால் அது உயர்ந்தோர் சொல் போல ஒலிக்கலாயிற்று. அதன்மேல் பெரிய எழுத்தும் சேர்ந்தபோது, வாதவூரர் இறைவனோடு கொண்ட அணுக்கத்தில் ஒரு பீடம் இடையே வைக்கப்பட்டது.

எனினும் போப்பைக் குறை கூறுதல் முறையன்று. அவர் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். பிற நாட்டாரின் தெய்வங்களைச் சிறிய எழுத்தால் எழுதிப் பொதுப்பெயராக்கிவிடும் வழக்கம் அக்கால ஐரோப்பிய எழுத்தில் பரவலாக இருந்தது. தம் சமயத்தார் தம் இறைவனுக்கு அளிக்கும் அதே பெரிய எழுத்தைச் சிவபெருமானைச் சுட்டும் சொல்லுக்கும் போப் அளித்தார். அச்சில் ஓர் எழுத்தளவே ஆயினும், சமயங்கடந்த மதிப்பு அதில் இருந்தது. 1900இல் அந்த எழுத்துக்கு ஒரு பணி இருந்தது.

ஆனால் அது ஆங்கிலத்தின் மாறா விதியும் அன்று. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இறைவனைச் சுட்டும் சுட்டுப்பெயர்கள் சிறிய எழுத்திலேயே உள்ளன. அவற்றைப் பெரிதாக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. போப்பின் நூலுக்குப் பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, 1912இல், ரவீந்திரநாத் தாகூர் தம் வங்கப் பாடல்களைத் தாமே ஆங்கிலமாக்கி ‘கீதாஞ்சலி’ எனத் தந்தார். அவரும் அதே ‘தௌ’ என்னும் சொல்லையே ஆண்டார். ஆனால் வாக்கியத்தின் தொடக்கம் அல்லாத இடங்களில் அதனைச் சிறிய எழுத்தில் எழுதினார். மறு ஆண்டு நோபல் பரிசு பெற்ற அந்நூலைப் படித்தோர் எவரும் அதில் பக்தி குறைந்தது எனக் கருதவில்லை. 1973இல் ராமானுஜன் கன்னட வசனங்களை மொழிபெயர்த்த ‘ஸ்பீக்கிங் ஆஃப் சிவா’வில் சிவன் என்ற பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு; இறைவன், தலைவன் என்ற பொருளில் வரும் ‘லார்ட்’ என்ற சொல் சிறிய எழுத்தில் நிற்கிறது. பெயர் பெயராகவும், அழைப்பு அழைப்பாகவும் அங்கே வேறுபட்டு நிற்கின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஓரெழுத்துச் சொல் எங்கு வந்தாலும் பெரிய எழுத்தே. தம்மை ‘நாயேன்’ என்றும் ‘அடியேன்’ என்றும் தாழ்த்திக்கொள்ளும் வாதவூரர் ஆங்கிலத்தில் எப்போதும் நிமிர்ந்து நிற்பார். அவர் தொழும் பெருமான் சிறிய எழுத்தில் குனிந்து நிற்பார். இது பொருந்துமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ‘ஐ’யின் உயரம் ஆங்கிலம் அறிந்த கண்ணுக்குத் தெரிவதில்லை, அது எல்லார்க்கும் எவ்விடத்தும் உரியது ஆதலின் அதில் செருக்கு இல்லை. ‘ஹிம்’ என்னும் சொல் வாக்கியத்தின் நடுவே பெரிய எழுத்தோடு வரும்போதோ, கண் அங்கே நின்றுவிடுகிறது. ‘நாயேன்’ என்ற தாழ்வை எழுத்தின் அளவால் காட்டும் முயற்சியும் வேண்டா. நாய் என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் விடாமல் காப்பதே அதற்கு வழி.

ஆகவே தமிழ்ப் பக்திப் பாடலை இன்று ஆங்கிலத்தில் தருவோர்க்குப் பொருந்தும் முறை இதுவாகலாம். சிவன், தில்லை, பெருந்துறை என்னும் இயற்பெயர்களுக்குப் பெரிய எழுத்து, விதிப்படி. கூத்தன், அப்பன் போன்ற சொற்களை இருவகையாய்ப் பிரித்து நோக்க வேண்டும். அச்சொல் இறைவனைப் பெயர் சொல்லி அழைப்பதானால் பெரிய எழுத்து; அவன் ஆடுகிறான், தந்தை போன்றவன் என விளக்குவதானால் சிறிய எழுத்து. நீ, அவன் என்னும் சொற்களுக்குச் சிறிய எழுத்து. அடியார் விலக்கிய மதிப்பை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் கொண்டுவந்து சேர்த்தல் தகாது. தேவர்கள் எனப் பன்மையில் இனமாகச் சுட்டும்போது சிறிய எழுத்து; ஒருவனாகிய கடவுளைப் பெயர்போல் சுட்டும்போது பெரிய எழுத்து. எந்த முறையைக் கொண்டாலும் முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை அதனையே கொள்ள வேண்டும். ஒரு பாடலில் பெரிய ‘அவனும்’ மறு பாடலில் சிறிய ‘அவனும்’ வந்தால், படிப்பவர் இருவேறு ஆட்கள் என்று மயங்குவர்.

கவிஞர்கள் கைக்கொள்ளத்தக்க செயல்முறை ஒன்றும் உண்டு. மொழிபெயர்க்கத் தொடங்குமுன் இருபொருள் தரும் சொற்களை ஒரு தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரேயும் எழுத்தின் அளவை முடிவு செய்து வைத்தல் வேண்டும். பதிப்பகத்தார்க்கு அவர்தம் முறை இருக்கும். பொது விதிகளில் அதற்கு இணங்கலாம். மேற்சொன்ன மூன்று இடங்களில் மட்டும் தம் முடிவையும் அதற்குரிய காரணத்தையும் முன்னுரையில் இரண்டு வரி எழுதிவிட்டால், பிறர் கை பட்டுத் திருத்தம் நேராது. டிக்கின்சனுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. இன்று எழுதும் கவிஞர்க்கு உண்டு.

ஓவாமலைக் கல்லில் அரிதன் பெயரை வெட்டியவன் அதனை மற்ற எழுத்துகளைவிட உயர்த்தி வெட்டவில்லை. வாதவூரரும் தம் பெருமானை ‘நீ’ என்ற ஓரெழுத்துச் சொல்லால் அழைத்தார். அவ்வழைப்பின் அருகாமை ஆங்கிலத்திலும் குறையாமல் சென்று சேர வேண்டும். அது எழுதுவோர் ஒவ்வொருவரின் பொறுப்பு.